சிறு பிள்ளைகளோடு புக்கிட் தீமா காட்டில் ஒரு நடை: முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கைக் குன்று புக்கிட் தீமா. உயரம் 163.63 மீட்டர். ஊட்டி, கொடைக்கானல் என்று மலை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணைக் கேட்டதும் சிரிப்புகூட வரலாம். ஆனால் நான்கு வயதுப் பிள்ளையையும், பேரனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் முழங்கால் வலிக்காரப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போகும்போது அந்த 163 மீட்டருக்கும் திட்டம் வேண்டும். தார்ச்சாலை தொடக்கத்திலேயே மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் கொஞ்ச தூரத்திலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

இங்கே வரும் குடும்பங்களில் பல, விறுவிறுவென்று உச்சிக்கு ஏறி, அங்கிருக்கும் பாறையோடு படம் எடுத்து, அதே வேகத்தில் இறங்கிப் போய்விடுகின்றன. இரண்டு பக்கமும் நின்ற காடு அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம். 1883-லேயே காப்புக் காடாக ஒதுக்கப்பட்டு, 2011-ல் ஆசியான் மரபுப் பூங்கா என்ற தகுதி பெற்ற மழைக்காடு இது. ஒரு பெருநகரத்தின் நடுவில், எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் கூட்டத்தில் மிகச் சிறிய கால்கள் எவ்வளவு நடக்குமோ, அதற்குத் தக்க பாதையை எடுங்கள். உச்சியை விட்டாலும் பரவாயில்லை, காட்டைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

முதலில் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

புக்கிட் தீமா என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நடுவிலுள்ள காப்புக் காடும் அதன் உச்சியும். ஆனால் அதைச் சுற்றி இயற்கைப் பூங்காக்கள் சில இருக்கின்றன. மக்கள் கூட்டம் முழுவதும் நடுக்காட்டிலேயே குவிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது இந்தப் பூங்காக்களின் முக்கியமான வேலை. குடும்பத்தோடு வருபவர்களுக்கு இவைதான் பெரிய வசதி.

தள்ளுவண்டியில் போகும் குழந்தை இருந்தால் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவுக்குப் போங்கள். 1929-ல் சிங்கப்பூர் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் நகரத்துக்குப் பால் கொடுக்க மாடு வளர்த்த இடம் அது. அன்றைய மாட்டுக் கொட்டகைதான் இன்று வாலஸ் கல்வி மையம். வாகன நிறுத்தத்திலிருந்து மையத்துக்கும், அதைத் தாண்டி சிங்கப்பூர் குவாரி என்ற பழைய கல்குவாரிக்கும் போகும் வழி அகலமானது. மேடு பள்ளம் உண்டு, ஆனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். குவாரியில் இப்போது தண்ணீர் நிறைந்து குளமாகியிருக்கிறது. கரையில் பார்வை மேடை இருக்கிறது. அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்தாலே போதும், பறவைகள் தாமாக வரும்.

மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு என் முதல் தேர்வு அதே பூங்காவிலுள்ள வாலஸ் பாதை. சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம், மர நிழல், ஓடை, அங்கங்கே பழைய கட்டடங்களின் மிச்சம். பிள்ளை நின்று நின்று பார்த்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்த வயதில் பிள்ளைகளுக்கு 'எங்கே போய்ச் சேர்கிறோம்' என்பது பொருட்டே இல்லை. ஓர் எறும்பு வரிசையைப் பத்து நிமிடம் பார்ப்பார்கள். அதற்கு இடம் கொடுக்கும் பாதைதான் அவர்களுக்குச் சரி.

ஏழு வயதைத் தாண்டிய, ஓரளவு நடந்து பழகிய பிள்ளைகள் உச்சிக்கு வரலாம். பார்வையாளர் நிலையத்திலிருந்து உச்சிக்குப் போகும் தார்ச்சாலை வழி தவற வாய்ப்பே இல்லாதது. கடைசிப் பகுதியில் செங்குத்தான நீளப் படிக்கட்டு ஒன்று வரும். அதில் ஏறலாம், அல்லது சாலையிலேயே சுற்றிக்கொண்டு போகலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் படியை விட்டுவிட்டுச் சாலையைப் பிடிக்கட்டும், குறிப்பாக இறங்கும்போது.

தாத்தா பாட்டி உடன் வந்தால், பார்வையாளர் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹிண்ட்ஹீட் இயற்கைப் பூங்கா நல்லது. சிறிய பூங்கா. கொஞ்ச தூரம் நடந்தால், கருங்கல் பாறைச் சுவருக்குக் கீழே பச்சை நிறத்தில் குளம் தெரியும் மேடைக்கு வந்துவிடலாம். இன்னொரு வழியும் உண்டு: மற்றவர்கள் மேலே ஏறிவரும்வரை பெரியவர்கள் ரயில் தடப் பாதையில் நடக்கலாம். மலாயன் ரயில்வேயின் வண்டிகள் 2011 நடுவில் நின்றுபோன பிறகு நடைபாதையாக மாறிய தடம் இது. மொத்தம் 24 கிலோமீட்டர். ரயிலுக்குப் போட்ட தடம் என்பதால் ஏற்றம் இறக்கம் கிட்டத்தட்ட இல்லை. இரும்புப் பாலமும், புதுப்பிக்கப்பட்ட புக்கிட் தீமா பழைய ரயில் நிலையமும் வழியிலேயே வரும். நம்மூர் ரயிலைப் பற்றி தாத்தா பேரனுக்குக் கதை சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது.

ரைஃபிள் ரேஞ்ச் இயற்கைப் பூங்கா இவற்றில் புதியது, 2022 நவம்பரில் திறந்தது. பலகைப் பாதைகள் நன்றாக இருக்கின்றன. காட்டுக்கு முதல்முறை வரும் குடும்பம் இங்கே தொடங்குவதும் நல்ல யோசனைதான்.

நாளும் நேரமும்

காப்புக் காடு காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடும். கட்டணம் கிடையாது. பிள்ளைகளோடு போவதென்றால் ஏழரைக்குள் நடையைத் தொடங்கிவிடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் பாதி வேலை முடிந்துவிடும் என்பது ஒரு காரணம். பறவைகளும் அணில்களும் அந்த நேரத்தில்தான் சுறுசுறுப்பாக இருக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மழையைவிட இடியைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். சிங்கப்பூரில் ஆண்டின் ஏறக்குறைய பாதி நாட்களில் எங்காவது இடி மின்னல் இருக்கும். பெரும்பாலும் மதியத்துக்கு மேல். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இது கூடுதல். ஆகவே பதினொரு மணிக்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிடுவது நல்ல வழக்கம். கிளம்புவதற்கு முன் வானிலைச் செயலியில் மழைப் படத்தையும், புகைமூட்டக் காலமாக இருந்தால் காற்றுத் தர அளவையும் பார்த்துவிடுங்கள். முந்தைய இரவு பெரும் மழையும் காற்றும் இருந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மண் ஊறிய சரிவில் பெரிய மரங்கள் சாய்வது இந்தக் காட்டில் நடக்கக்கூடிய ஒன்று. 2014 செப்டம்பரில் இந்தக் காட்டை மூடி, சரிவுகளை வலுப்படுத்தி, பாதைகளைச் சீர்செய்து 2016 அக்டோபரில்தான் முழுவதும் திறந்தார்கள். அவ்வளவு மென்மையான நிலம் இது.

வார இறுதியில் உச்சிப் பாதையில் நெரிசல் இருக்கும். பள்ளி விடுமுறையில் ஒரு வார நாள் கிடைத்தால் விடாதீர்கள்.

உடையும் பையும்

செருப்பு வேண்டாம். பாட்டிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடியில் பிடிப்புள்ள ஷூ, சாக்ஸ். புதிதாக வாங்கிய ஷூவை அன்றைக்கே போட்டுக்கொண்டு போகாதீர்கள், பிள்ளையின் குதிகால் உரிந்துவிடும். மெல்லிய முழுநீளக் கால்சட்டை கொசுவுக்கும் முள்ளுக்கும் நல்லது. டெங்கி இருக்கும் ஊர் என்பதால் கொசு விரட்டித் தைலத்தை வீட்டிலேயே பூசிவிட்டுக் கிளம்புங்கள். புடவை கட்டித்தான் பழக்கம் என்கிற பெரியவர்கள் சமதளப் பாதையோடு நிறுத்திக்கொள்ளலாம். படிக்கட்டில் புடவை தடுக்கும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு புட்டியாவது வேண்டும். பிள்ளைக்கு அவனுடைய புட்டியை அவனுடைய பையில் வையுங்கள். தானே சுமப்பதில் ஒரு பெருமை இருக்கிறது, அந்தப் பெருமையே பாதி தூரம் நடக்க வைக்கும். மாற்றுச் சட்டை, சிறு துண்டு, பிளாஸ்டர், சின்ன மழைக்கோட்டு, விசில் ஒன்று. குடையைக் கொண்டுவரலாம், ஆனால் படியில் இரண்டு கையும் காலியாக இருப்பது நல்லது.

பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு மட்டும் போகாதீர்கள். பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று இங்குள்ள குரங்குகள் தெரிந்து வைத்திருக்கின்றன. தின்பண்டம் எல்லாம் ஜிப் வைத்த முதுகுப்பைக்குள், மூடிய டப்பாவில். இன்னும் நல்லது, காலைச் சாப்பாட்டை வயிறார முடித்துவிட்டுக் கிளம்புவது. இட்லி என்றால் பிள்ளைக்கு நடக்கும்போது வயிறு கனக்காது.

போய்ச் சேர்வது

உச்சிக்கும் ஹிண்ட்ஹீட்டுக்கும் டவுன்டவுன் தடத்தில் ப்யூட்டி வொர்ல்ட் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து ஹிண்ட்ஹீட் டிரைவ் முனையிலுள்ள பார்வையாளர் நிலையத்துக்குச் சிறு பிள்ளை நடையில் இருபது நிமிடம் போல ஆகும். அந்த நடையையும் பிள்ளையின் கணக்கில் சேருங்கள். திரும்பும்போதும் அதே தூரம் இருக்கிறது. டெய்ரி ஃபார்ம் பக்கம் போக ஹில்வியூ நிலையம். 2025 பிப்ரவரியில் இரண்டுக்கும் நடுவே ஹியூம் நிலையமும் திறந்துவிட்டதால் ரயில் தடப் பாதைக்குப் போவது எளிதாகிவிட்டது. கார் நிறுத்த இடம் குறைவு, வார இறுதியில் சீக்கிரமே நிரம்பிவிடும்.

பார்வையாளர் நிலையத்தில் எல்லோரும் ஒருமுறை கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள், வேண்டாம் என்கிறவர்களும். மேலே இருக்கும் என்று நம்பி ஏற வேண்டாம். பாதைகளின் நிறக் குறியீடு போட்ட வரைபடம் அங்கே இருக்கும். அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பிள்ளையிடமே கேளுங்கள், 'நாம எந்த நிறத்துப் பாதையில போறோம்?' என்று. ஒவ்வொரு பிரிவிலும் அந்த நிறத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது அவன் பொறுப்பு.

நடக்கத் தொடங்கியதும்

முதல் பத்து நிமிடம்தான் முக்கியம். பிள்ளைகள் எல்லா வேகத்தையும் அங்கேயே செலவழித்துவிடுவார்கள். ஏற்றத்தில் ஓடவிடாதீர்கள். கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் முன்னால், பெரியவர் ஒருவர் கடைசியில். பெற்றோர் முன்னால் போய் நின்று 'வா வா' என்று கூப்பிடுவதுதான் பிள்ளைகளைச் சோர வைக்கும். அவன் வந்து சேரும்போது நீங்கள் ஓய்வெடுத்து முடித்திருப்பீர்கள், அவனுக்கு ஓய்வே இருக்காது.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நில்லுங்கள், தாகம் எடுக்கும் முன்பே இரண்டு வாய் தண்ணீர். நிற்கும்போது ஏதாவது ஒன்றைப் பார்க்கக் கொடுங்கள். உச்சிவரை போகிற குடும்பத்துக்கு ஏற மட்டும் முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கும் முன் ஒரு பார்வை. பச்சையும் மஞ்சளுமான குழிவிரியன் பாம்பு சில சமயம் கம்பியிலோ தாழ்ந்த கிளையிலோ மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். அது தானாகத் துரத்தி வராது. தள்ளி நின்று பார்த்துவிட்டு நகர்ந்தால் போதும். பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஓடை தெரிந்தால் காலை நனைக்கத் தோன்றும். இந்த ஓடைகளில் ஒரு நன்னீர் நண்டு வாழ்கிறது, சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலம்தான். 1986-ல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது: ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ். உலகத்தில் சிங்கப்பூரைத் தவிர வேறெங்கும் அது இல்லை. இங்கேயும் அழிவின் விளிம்பில். கல்லுக்கு அடியில் ஒளிந்திருக்கும் அதன் மேல் உங்கள் பிள்ளையின் கால் பட வேண்டாம். இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்மைவிடக் கண்டிப்பாக ஓடையைக் காவல் காப்பார்கள்.

உச்சியில் நகரக் காட்சி எதையும் எதிர்பார்க்காதீர்கள். மரங்கள் உயர்ந்து மறைத்துவிட்டன. உயரம் பொறித்த பாறை இருக்கிறது, நிழற்கூடம் இருக்கிறது. பிள்ளைக்கு இதை ஏறும் முன்பே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது. இறங்குவதற்குத் தனி நிதானம் வேண்டும். களைத்த கால்கள் வழுக்குவது இறக்கத்தில்தான்.

குரங்குகளோடு

நீண்டவால் குரங்குகளை நிச்சயம் பார்ப்பீர்கள். பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய கொண்டாட்டம், பெற்றோருக்கு இதுதான் பெரிய பயம். பயப்பட ஒன்றுமில்லை, விதி தெரிந்திருந்தால். உணவு எதுவும் வெளியே தெரியக் கூடாது. முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குக் கண் பார்க்காமல், நின்று நிதானமாகக் கடந்து போங்கள். பல்லைக் காட்டினால் அது சிரிப்பு என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அது 'கிட்ட வராதே' என்ற எச்சரிக்கை. குட்டியோடு இருக்கும் தாயிடமிருந்து இன்னும் தள்ளி நில்லுங்கள். ஓடவோ கத்தவோ வேண்டாம், பின்னால் நகருங்கள். கையில் இருந்ததை அது பறித்துவிட்டால் விட்டுவிடுங்கள், திரும்பப் பிடுங்கப் போகாதீர்கள். கீறலோ கடியோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

கோயிலில் குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழகிய நம் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்வது அவசியம். இங்கே காட்டு விலங்குக்கு உணவளிப்பது குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் உண்டு. சட்டத்தை விடுங்கள், மனிதரிடம் வாங்கித் தின்று பழகிய குரங்கு அடுத்து வரும் பிள்ளையிடம் பிடுங்கத் தொடங்கும். கடைசியில் பாதிக்கப்படுவது அந்தக் குரங்குதான்.

கண்ணைத் திறந்து வைத்தால்

முதலில் கொலுகோ என்ற விலங்கைத் தேடுங்கள். பறக்கும் லெமூர் என்றும் சொல்வார்கள். கழுத்திலிருந்து விரல் நுனிகள், வால் வரை தோல் விரிந்திருக்கும். இரவில் மரம் விட்டு மரம் நூறு மீட்டருக்கு மேல்கூட மிதந்து போகும். பகலில் அடிமரத்தை அணைத்துக்கொண்டு தூங்கும். எல்லோரும் கிளைகளுக்குள் தேடுவதால் தவறவிடுகிறார்கள். அடிமரத்தின் நடுப்பகுதியில், மரப்பட்டை நிறத்திலேயே ஒரு புடைப்பு தெரிகிறதா என்று பாருங்கள். சில சமயம் வயிற்றுத் தோலுக்குள்ளிருந்து குட்டியின் முகம் எட்டிப் பார்க்கும்.

பெரிய மரங்களில் செராயாவைக் காட்டுங்கள். மேலிருந்து பார்த்தால் சாம்பல் கலந்த பச்சையில் தனியாகத் தெரியும் உயர்ந்த மரம். நம் ஊரில் சாம்பிராணியோடு சேர்த்துப் புகைக்கும் குங்கிலியம் தரும் மரங்களுக்கு இது சொந்தக்கார மரம். காய் காய்க்கும் ஆண்டில் தரையெங்கும் இறக்கை முளைத்த விதைகள் கிடக்கும். ஒன்றை எடுத்து உயரத் தூக்கிப் போட்டால் சுழன்றுகொண்டே இறங்கும். போட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள், அது காட்டின் விதை.

உச்சிக்குப் பக்கத்தில் தாபான் சுற்றுப்பாதை என்று ஒன்று உண்டு. தாபான் மரத்தின் பால்தான் கட்டாப்பெர்ச்சா. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறை அதுதான். 1871-ல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூரை இணைத்த கம்பிக்கும் இப்படி ஒரு மரத்தின் பால் தேவைப்பட்டது. அந்தத் தேவைக்காக வெட்டி வெட்டியே இங்கு அந்த மரம் அரிதாகிப்போனது. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதை நன்றாகப் பிடிக்கும்.

பாதை ஓரத்தில் கொக்கி முள்ளோடு நீண்டு தொங்கும் கொடி சட்டையைப் பிடித்தால், இழுக்காமல் பின்னால் ஓர் அடி வைத்துக் கழற்றுங்கள். அது பிரம்பு. வீட்டில் தாத்தா உட்காரும் நாற்காலி இதிலிருந்துதான் வந்தது என்று காட்டலாம்.

வால் நுனியில் இரண்டு துடுப்பு தொங்க ஒரு கருப்புப் பறவை குறுக்கே பறந்தால் அது துடுப்புவால் கரிச்சான். பல பறவைகளின் குரலை அது ஒன்றே எடுத்துக் கத்தும். வண்டுகள் பக்கமும் பார்வை போகட்டும். 1854-ல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் புக்கிட் தீமாவில் தங்கி, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். மரம் வெட்டிகள் விட்டுப்போன கட்டைகளும் மரத்தூளும்தான் அவருக்கு அவ்வளவு வண்டுகளைக் கொடுத்தன. அப்போது இங்கே புலிகள் இருந்தன. புலி பிடிக்க வெட்டி மூடிய குழிகளில் விழுந்துவிடக் கூடாதே என்பது அவருடைய கவலையாக இருந்தது. விழுந்து கிடக்கும் கட்டை ஒன்றின் பக்கத்தில் பிள்ளையை உட்காரவைத்து, ஐந்து நிமிடத்தில் எத்தனை பூச்சி வகை தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்

பிள்ளைக்குக் கால் வலிக்கிறது என்றால் அதை அப்படியே நம்புங்கள், திரும்பிவிடுங்கள். தலைசுற்றல், குமட்டல், வியர்வை நின்று தோல் சூடாவது எல்லாம் வெப்பம் தாக்கியதன் அறிகுறி. நிழலில் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஒற்றி, தெளியவில்லை என்றாலோ, வியர்வை நின்று தோல் சூடாகியிருந்தாலோ உடனே ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழையுங்கள். எந்தப் பாதையில், எந்தக் குறிக்கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்ல அந்த வரைபடப் படம் உதவும். இடி கேட்டால் நிழற்கூடத்துக்கோ பார்வையாளர் நிலையத்துக்கோ போங்கள், தனி மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். பிள்ளை பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று முன்பே பேசி வையுங்கள்: நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், விசிலை மூன்று முறை ஊத வேண்டும்.

இறங்கிய பிறகு

ப்யூட்டி வொர்ல்ட் பக்கம் சியோங் சின் நாம் சாலையில் ரொட்டி பரோட்டாக் கடைகள் இருக்கின்றன. ஏறியிறங்கிய பிள்ளைக்கு அங்கே ஒரு மைலோ வாங்கிக் கொடுப்பது நியாயம். வீட்டுக்கு வந்ததும் குளிக்கும்போது காது மடலுக்குப் பின்னாலும் முழங்கால் மடிப்பிலும் பூச்சிக்கடி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறைக்குப் பாதையை ஒரு படி மட்டும் கூட்டுங்கள். டெய்ரி ஃபார்மில் தொடங்கியவர்கள் ஹிண்ட்ஹீட், அங்கிருந்து தார்ச்சாலையில் உச்சி, அதற்குப் பிறகே கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதைகள். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இருந்தால் முன்னாள் ஃபோர்டு தொழிற்சாலை அருங்காட்சியகத்தையும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்த கட்டடம் அது, அப்பர் புக்கிட் தீமா சாலையில்தான் இருக்கிறது. காலையில் காட்டு நடை, வெயில் ஏறியதும் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்குப் போதும்.